கைநாட்டு வாங்கிய அர்ஜி

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சமூகப்பணி படித்துக்கொண்டிருந்தேன். களப்பணிக்கு வாரம் இரண்டு நாள் ஜோகுபாளையத்துக்குப் பக்கத்துக் குடிசைகளுக்குப் போக வேண்டும். அங்கே இருந்தவர்கள் பிழைப்புக்காகக் கன்னட ஊருக்கு வந்த தமிழர்கள். குழாய் கிடையாது. "நீ செய்து கொடுக்காதே, அவர்களையே செய்யவை" என்று எங்கள் மேற்பார்வையாளர் மேடம் சொல்லியிருந்தார்.

எனக்கோ அவசரம். நானே கார்ப்பரேஷனுக்குக் குழாய் கேட்டு அர்ஜி எழுதி, குடிசை குடிசையாகப் பெயர் சேர்த்துக் கைநாட்டு வாங்கினேன். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் ஓர் அக்கா மட்டும் தயங்கினாள்.

"தண்ணி வேணும்னு சொன்னா போதாதா? பேரெல்லாம் எதுக்கு?"

"பேர் இருந்தாதான் மதிப்பாங்க, அக்கா."

என்னை நம்பிக் கட்டைவிரலை மையில் வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து கார்ப்பரேஷன் ஆள் வந்தார். கையில் எங்கள் அர்ஜி. அதைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, கதவில் சுண்ணாம்பால் எண் போட்டார். சர்க்கார் நிலம், காலி செய்யவேண்டும் என்று கன்னடத்தில் நோட்டீஸ் கொடுத்தார். நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

மேடத்திடம் ஓடினேன். அவர் திட்டவில்லை. "இனி அங்கே போகாதே. வேறு இடம் தருகிறேன். போனால் களப்பணியில் பாஸ் போட முடியாது. காலேஜ் பேரும் இதில் வரக்கூடாது" என்றார்.

நான்கு நாள் ஹாஸ்டல் அறையிலேயே கிடந்தேன். போனால் படிப்பு போகும். போகாவிட்டால் அந்த அக்காவின் முகத்தை நினைத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் போனேன். என் தப்புதான் என்று அக்காவிடம் சொன்னேன்.

"அதை அப்புறம் பேசலாம். இதுல என்ன எழுதியிருக்கு, படி" என்று நோட்டீஸை நீட்டினாள்.

வாசித்துத் தமிழில் சொன்னேன். மறுநாள் பெண்கள் பதினைந்து பேர் வேலைக்குப் போகாமல் கார்ப்பரேஷனுக்குப் போனார்கள். நான் கேட்டுக்கு வெளியே, எதிர்ச்சாரியில் நின்றேன். உள்ளே வந்தால் காலேஜில் பாஸ் போடமாட்டார்கள் என்று அவர்களிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது. காலி செய்ய மழைக்காலம் முடியும்வரை தவணை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

களப்பணிப் பதிவேட்டில் அந்த இரண்டு நாட்களையும் எழுதினேன். மேடம் நிதானமாகப் படித்தார்.

"இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதிக் கொண்டு வா" என்றார்.

கிழித்தேன். பாஸானேன்.

மழைக்காலம் முடிந்ததும் லாரிகள் வந்து, குடிசைக்காரர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கின. அன்றைக்கு நான் மேடம் தந்த புது இடமான பிரேசர் டவுனில் தையல் வகுப்புக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.