அண்ணாவின் மூன்று புத்தகங்கள்

இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

அமெரிக்காவில் இறந்துபோன அண்ணாவின் அலுமாரியிலிருந்து அண்ணி மூன்று புத்தகங்கள் அனுப்பியிருந்தார். ஒன்று கணினி வலையமைப்பு பற்றியது; அதுதான் அண்ணாவின் தொழில். இரண்டாவது, அவர் தன் மகளுக்கு வாசித்துக் காட்டிய சிறுவர் சாகசக் கதை. மூன்றாவது, ஞாயிறு தவறாமல் அவர் தொலைக்காட்சியில் பார்த்த அமெரிக்கக் கால்பந்து பற்றியது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் அவர் நினைவாக அவற்றை அன்புவழிபுரத்தில் எங்கள் வாசிகசாலைக்குக் கொண்டுபோனேன். செயலாளர் புரட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி, கொம்பியூட்டர் புத்தகம் மட்டும் காணும். மற்ற ரெண்டும் இஞ்ச ஆருக்கு?”

“வைச்சா மூண்டையும் ஒண்டா வையுங்கோ.”

“அது ஏலாது.”

சுற்றியிருந்தவர்கள் என்னைத்தான் விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். நான் மூன்றையும் தூக்கிக்கொண்டு வந்து, துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் பார்க்கும்படி வீட்டு யன்னலில் அடுக்கி, ‘இரவல் தரப்படும்’ என்று எழுதி ஒட்டினேன்.

போன கிழமை செயலாளரே வந்தார். மகன் நெட்வேர்க்கிங் படிக்கிறானாம், அந்தப் புத்தகம் வேண்டுமாம். கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். பிறகு மூன்றையும் கட்டி நீட்டினேன்.

“ஒண்டு மட்டும் காணும், தங்கச்சி.”

“மூண்டும் சேர்ந்துதான் எங்கட அண்ணா. பிரிச்சுத் தர ஏலாது.”

மூன்றையும் சுமந்துகொண்டு படியிறங்கினார்.

செத்துப்போன மனிதரில் தங்களுக்கு உதவுகிற துண்டை மட்டும் எடுத்துக்கொள்ள நான் யாரையும் விடப்போவதில்லை.