நாலு ஓட்டையும் ஒரு கல்யாணமும்

சீட்டுக்கட்டு அளவுக் கம்ப்யூட்டர் போர்டுகளை விற்றுப் பிழைப்பவனுக்கு, அதில் என்ன ஓடும் என்பது கவலையே இல்லை. அதனிடம் யார் யார் கரண்ட் கேட்டு நிற்பார்கள் என்பதுதான் கவலை. என்னைப் போல இந்தப் போர்டுகளோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்குச் சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்கு: விளிம்பில் நாலு யூ.எஸ்.பி. ஓட்டை இருக்கும். நாலு இருக்கிறதே என்று நாலிலும் எதையாவது செருகினால், பாவம், மயங்கி விழுந்துவிடும்.

வெளிநாட்டு வேலையை விட்டு ராயபுரத்துக்குத் திரும்பிக் கடை போட்ட எனக்கு, இந்தப் பாடம் முழுவதும் ஒரே கல்யாணத்தில் கிடைத்தது. எங்கள் தெருப் பிலோமினா அக்காவின் மகள் ஜெனிஃபருக்கு சர்ச்சில் கல்யாணம். பெண்ணின் அப்பா அந்தோணிக்குக் கப்பலில் என்ஜின் ரூம் வேலை. மாற்று ஆள் வராமல் நடுக்கடலில் மாட்டிக்கொண்டார். என் தங்கை கல்யாணத்தை அயல்நாட்டு அறை ஒன்றில், போனில் வந்த மேளச் சத்தமாக மட்டும் கேட்டவன் நான். அதனால் கல்யாணத்தைக் கப்பலுக்கு நேரலையாகக் காட்ட முடியுமா என்று அக்கா வாய் திறந்ததுமே ஒப்புக்கொண்டேன். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் தம்பி. பொண்ணு கழுத்துல தாலி ஏறுறத அந்த மனுசன் பாத்துரணும்."

மூலையில் மின்னல்

அக்கா வீட்டு டிவியில் முதல் ஒத்திகை. போர்டில் கேமரா, மைக், பதிவுக்கு ஹார்டு டிஸ்க் எல்லாம் செருகியதும், டிவியின் மூலையில் மஞ்சளாக ஒரு மின்னல் குறி எட்டிப் பார்த்தது. 'எனக்குக் கரண்ட் போதவில்லை' என்று போர்டு அழும் விதம் அது. அக்காவின் தம்பி சகாயம் மீன்பிடி விசைப்படகில் போகிறவர். அந்தக் குறியையே உற்றுப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் பார்த்தால், வெயில் கொளுத்துகிற காலையில் ஆள் மீன்பிடித் துறைமுகத்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். கடலுக்குப் போகலையா என்றேன்.

"நீதான நைனா நேத்து டிவில இடி மின்னல் காமிச்ச? என் பேச்ச கேட்டு பக்கத்து போட்டுக்காரனும் வலைய மடிச்சி வச்சிகினு கீறான். எங்க மழ?"

சும்மா கிடந்த ஓட்டை

நல்ல அடாப்டர் போட்டதும் மின்னல் போனது. மறு ஒத்திகையில் படம் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது. வயரை மாற்றினேன், கேமராவை மாற்றினேன், தலையைச் சொறிந்தேன். கடைசியில் போர்டைத் தூக்கிப் பார்த்தால், நாலாவது ஓட்டையில் ஒரு வெள்ளை வயர். அது போகிற வழியே நானும் போனேன். சோபாவுக்குப் பின்னால் அக்காவின் போன், ஒய்யாரமாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"அந்த மனுசன் கூப்ட்டா எடுக்க சார்ஜ் வேணாமா தம்பி? ஓட்டை சும்மாதான கீது!"

ஊட்டி விட்ட டப்பா

இனி போர்டை நம்பிப் பயனில்லை என்று, தனி அடாப்டரும் பல ஓட்டைகளும் உள்ள ஒரு ஹப் டப்பா வாங்கினேன். கேமராவும் மற்றதும் அதில் உட்காரும். கரண்டைச் சுவரிலிருந்து அந்த டப்பா எடுத்துக்கொடுக்கும். சகாயத்திடம் பந்திக்கணக்கில் விளக்கினேன்: சம்பந்தி வீட்டாருக்குத் தனிச் சமையல். பெருமையோடு போர்டின் அடாப்டரைப் பிடுங்கியும் காட்டினேன். அணையவில்லை! சிவப்பு விளக்கு ஜம்மென்று எரிகிறது. மலிவாகக் கிடைத்த ஹப், கரண்டை யூ.எஸ்.பி. வழியே பின்னோக்கிப் போர்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. அன்றே வேறு ஹப் மாற்றினேன். ஆனால் சகாயம் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது.

"இன்னாய்யா இது! சோறு வாங்க வந்தவன் வூட்டுக்காரனுக்கே ஊட்டி உட்றான்!"

தாலி நேரம்

கல்யாணத்தன்று எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. போர்டு பவர் பேங்கில், ஹப் சுவர் பிளக்கில். என் போனிலும் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. ஃபாதர் தாலியை ஆசீர்வதித்து மாப்பிள்ளை கையில் கொடுக்கிறார், சர்ச்சில் கரண்ட் போகிறது. மின்விசிறிகள் சோர்ந்தன. ஹப்பின் அடாப்டர் செத்தது. அதில் இருந்த அத்தனையும் ஒரே நொடியில் கரண்ட் கேட்டுப் போர்டின் மேல் சாய்ந்தன. என் போனில் படம் உறைந்தது. முன்வரிசையில் அக்கா திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

ஜெனரேட்டர் போடுவதற்குள் தாலி ஏறிவிடும். ஹப்பைப் பிடுங்கினேன். ஹார்டு டிஸ்க், மைக் எல்லாம் அதோடு போயிற்று. கேமராவை மட்டும் நேராகப் போர்டில் செருகினேன். ஒரே ஒரு வாய்க்குத்தான் அதால் ஊட்ட முடியும். மாப்பிள்ளை கையை உயர்த்துகிறார். படம் நடுங்கி, மங்கி, சட்டென்று தெளிந்தது. பார்த்தது அந்தோணியா, வெறும் கடல்காற்றா என்று எனக்குத் தெரியாது. கரண்ட் வந்து, கைதட்டல் ஓய்ந்த பிறகு, அக்கா போனைக் காதில் வைத்து அழுதுகொண்டே சிரித்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் என்ஜின் இரைச்சலுக்கு மேல் ஒரு குரல் கத்தியது.

"கடைசி முடிச்சு போடறப்போ மாப்ளைக்கு கை நடுங்கிச்சு தம்பி, நான் பாத்துட்டேன்! எனக்கும் அன்னிக்கு அப்டிதான் நடுங்கிச்சு!"

பதிவு பாதியில் நின்றதற்காக ஜெனிஃபர் இன்னும் என்னை முறைக்கிறாள் என்றாலும், பொருத்தியதற்காக அல்ல, பிடுங்கிப் போட்டதற்காக ஒருவன் இலையில் இரண்டாம் முறை பிரியாணி விழுகிற தொழில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.