தாய்மாமன் மடி

"...அதான் சொல்லுதேன் அண்ணே, ஆசாரி எம்புட்டு நேரம் ஊசியப் பிடிச்சிட்டு இருப்பாரு? சம்மணம் போட்டு உக்காருங்க, பிள்ளையத் தாரேன்" என்றாள் என் தங்கை.

பசுவந்தனைக்குப் பக்கத்தில், அவள் புகுந்த வீட்டாரின் குலதெய்வக் கோயில். அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் தரையில் அமர்ந்து மடியில் வைத்துக்கொண்டால்தான் எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மாமன் என்று நான் ஒருத்தன்தான். விரித்த பாயைப் பார்த்தபடி நின்றேன்.

இளைப்புக்காகக் கோவில்பட்டியில் ஒரு டாக்டர், கொஞ்ச நாளைக்கு என்று ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தந்திருந்தார். தீர்ந்ததும் வரச் சொன்னார். நான் போகவில்லை. காலி அட்டையை மருந்துக்கடையில் நீட்டினால் புது அட்டை கிடைத்தது. மூச்சு லேசாக வந்தது. பசியென்றால் அப்படியொரு பசி. கன்னம் உப்பி முகம் உருண்டது. "அண்ணாச்சிக்கு இப்பத்தான் களை வந்திருக்கு, எந்தக் கடைச் சாப்பாடு?" என்று பஸ் ஸ்டாண்டில் கேட்பார்கள். பெருமையாக இருக்கும். வருஷக்கணக்கில் விழுங்கினேன்.

பிறகு தொடை இடுக்கில் வலி. திருநெல்வேலியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், தொடையெலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துவிட்டது, அந்த மாத்திரையால் வந்தது என்றார். இதை யாரிடம் சொல்ல? நானே தேடிப் போய் வாங்கித் தின்றதல்லவா. சைக்கிளிலிருந்து விழுந்த வலி என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

தங்கையின் மாமியார் பக்கத்திலிருந்தவளிடம், எனக்குக் கேட்கும்படியாகவே, "அவிய வேட்டி கசங்கிருமுல்லா. நம்ம பாயெல்லாம் அவியளுக்கு ஆகுமா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். தங்கையின் முகம் சுண்டிப்போயிற்று.

சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி இறங்கினேன். இடுப்பு பூட்டுப் போட்டது போல் நின்றுவிட்டது. கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை.

"என்னண்ணே செய்யுது?"

"இடுப்பெலும்பு செத்துப்போச்சு தாயி. இளைப்புக்குத் தின்ன மாத்திரைதான். சைக்கிள்ல விழவெல்லாம் இல்ல."

நல்ல காரியத்தில் வாயில் வரக்கூடாத சொல். அதுவும் எல்லார் காதிலும் விழுந்தது. நான் தலையைத் தூக்கவில்லை.

தங்கை பிள்ளையை மாமியார் கையில் கொடுத்தாள். சமையல் பந்தலுக்குப் போய், அங்கே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த சமையல்காரரை எழுப்பிவிட்டு, அதைத் தூக்கிவந்து, அத்தனை பேரும் பார்க்கப் பாயின் நடுவில் விரித்துப் போட்டாள்.