இல் சோன்

ஜெயசுதாவின் ஊர் வரதராஜன்பேட்டை. ஜெயங்கொண்டத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. கணவர் ஜெயப்பிரகாஷ் பாரிஸ் பக்கம் ஒரு ஓட்டல் சமையலறையில் இருக்கிறார். கல்யாணமாகி ஐந்து வருடம். சேர்ந்து இருந்தது இருபத்திரண்டு நாள். "பிரெஞ்சுப் பரீட்சை பாஸ் பண்ணு, உன்னை அழைச்சுக்க பேப்பர் போடறேன்" என்று அவர் சொல்லியே இரண்டு வருடமாகிறது.

ஞாயிறுதோறும் பிரெஞ்சு வகுப்புக்கு அரியலூருக்கு பஸ். சொல்லித்தரும் லீலாவதிக்கு இவளைவிட நான்கு வயது குறைவு. ஒருவரை வர்ணிக்கும் சொற்கள்: உயரமான, குட்டையான, அன்பான. தமிழில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 'உயரமான'தான். அங்கே ஆணுக்கு 'கிரான்', பெண்ணுக்கு 'கிராந்த்'. அது அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது.

புதுச்சேரியில் முதல் பரீட்சை. கணவரை வர்ணிக்கச் சொன்னார் தேர்வாளர். "இல் சோன் கிரான்" என்றாள். அவர் திரும்பக் கேட்டார். இவளும் திரும்ப 'இல் சோன்' என்றாள். எத்தனை கணவர் என்று விரல்களை விரித்துக் காட்டினார் அவர். தேறவில்லை.

லீலாவதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இல் சோன்னா 'அவங்க', பல பேருக்கு வர்றது, அக்கா. ஒரு ஆளுக்கு இல் எ."

"இல் எ-க்கு நேரா அவன்னுல்ல எழுதிப் போட்டீங்க மிஸ்? அவரைப் போயி அவன்ங்கவா?"

"அவரு காதுல வுழவா போவுது? பரீட்சைக்குத்தானே."

"வாய் வரலயே."

அந்த மாதம் ஜெயப்பிரகாஷ் ஒரே ஒரு முறை பேசினார். "பாஸா? இல்லியா? சரி, வை."

பஸ்ஸில் முணுமுணுத்தபடி போனாள். இல் எ, இல் எ. சிமெண்ட் லாரிகள் கடந்தன. உயரம் கல்யாண போட்டோவில் தெரிகிறது. அன்பான என்று எதைப் பார்த்துச் சொல்வது? இருபத்திரண்டு நாளை எண்ணி எண்ணிப் பார்த்தாள்.

இரண்டாம் முறையும் அதே கேள்வி.

"இல் எ கிரான்."

தேர்வாளர் காத்திருந்தார். அன்பானவருக்கு 'ஜான்தி'. சொல் தெரியும், வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவின்போது, வராதவர் பெயருக்குத் தினமும் கேட்ட ஒரு சொல் அந்த மொழியிலும் உண்டு, அதுதான் வந்தது.

"இல் எ அப்சான்."

அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். வாக்கியத்தில் பிழையில்லை.

தேறிவிட்டாள். சான்றிதழ் கடை மேசை இழுப்பறையில் மூன்று வாரமாகக் கிடக்கிறது. நேற்று லீலாவதி போன் செய்தாள்.

"அவர்ட்ட சொல்லிட்டீங்களாக்கா?"

"கேட்டாத்தானே மிஸ்," என்றாள் ஜெயசுதா. "அவன் கேக்கவேயில்ல."