நானுஓயாவிலிருந்து வந்த நூல் துண்டுகள்

மகாதேவியின் பின்னல் பெட்டி ஒரு பழைய பிஸ்கட் தகரம். அதற்குள் இருந்த ஊசிகள் கடையில் வாங்கியவை அல்ல. முறிந்த குடையின் கம்பிகளை எடுத்து, கல்லில் தேய்த்து முனை கூராக்கி, கண்ணிகள் கழன்று விழாதபடி மறுமுனையில் தக்கைத் துண்டு செருகி அவளே செய்தவை. பாதியில் நிறுத்திய கண்ணிகளைக் கோத்துவைக்க ஒரு பெரிய சட்டைப்பின். வரிகளை எண்ணப் புளியங்கொட்டைகள். ஒரு வரி முடிந்தால் ஒரு கொட்டை சிரட்டைக்குள் விழும். இவற்றோடு ஓர் அங்குல நாடா. பள்ளிக்கூடத்தில் பின்னலுக்குக் கிடைத்த பரிசு அது.

1937ஆம் ஆண்டில் அவளுக்கு இருபத்திரண்டு வயது. கொக்குவிலில் சீதனமாக எழுதிய வீட்டில் தாய் தகப்பனோடு இருந்தாள். கணவன் இராசநாயகம் குளிரான மலைநாட்டில், நானுஓயா ரயில் ஸ்டேசனில் கிளாக்கர். இருவரும் சேர்ந்திருந்தது மொத்தம் நாற்பது நாள்.

பத்துப் பொருத்தமும் உண்டு என்று சொல்லிக் கல்யாணத்தை நடத்திவைத்த அதே சாத்திரியார், நாற்பதாம் நாள் அவளுடைய சாதகத்தில் ஒரு சனியைக் கண்டுபிடித்தார். அது விலகும்வரை ஒரு கூரையின் கீழ் இருந்தால் மாப்பிள்ளையின் உயிருக்கு ஆகாதாம். கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் தன் பாட்டில் சுற்றும் ஒரு கோளுக்கு, கொக்குவிலில் யார் யாரோடு வாழ்கிறார்கள் என்று பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை போலும்! தன்னையும் நானுஓயாவுக்கு அனுப்பும்படி மகாதேவி கேட்டாள். தகப்பன் அருளம்பலம் அனுப்ப மாட்டேன் என்றார். அவர் கொடியவர் அல்லர், பயந்தவர். இந்த நாட்டில் பெண்களுக்கு நடக்கும் கொடுமைகளில் பாதி பயந்த நல்லவர்கள் செய்வது.

இராசநாயகத்தின் கடிதங்கள் முறைப்படி மாமனாருக்கே வரும். அவர் உரக்க வாசிப்பார். 'நான் நலம். எல்லாருடைய நலமும் அறிய ஆவல்.' அந்த 'எல்லாரு'க்குள் மகாதேவியும் இருந்தாள். கடிதம் சுவாமிப்படத்துக்குப் பின்னால் செருகப்படும்வரை அவள் கதவோடு நிற்பாள். வேறு ஒரு சொல்லும் வராது.

ஒருமுறை, ஊருக்கு வந்த ஒருவரிடம் அவன் கம்பளி நூல் கொடுத்தனுப்பியிருந்தான். கரும்பச்சை நிறம். அவள் அதை முகத்தில் வைத்துப் பார்த்தாள். குளிர் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது.

"ஐயா, அவருக்கு ஒரு சட்டை பின்னப்போறன். நெஞ்சு, கை, கழுத்து மூண்டுக்கும் அளவா நூல் வெட்டி அனுப்பச் சொல்லி எழுதுங்கோ."

உண்மையில் அளவு அவளிடம் இருந்தது. அந்த நாற்பது நாளில் ஒரு பின்னேரம், சிரித்துக்கொண்டு நின்றவனைத் தானே அளந்து எழுதிவைத்திருந்தாள். நெஞ்சு முப்பத்தாறு அங்குலம், கை இருபத்துமூன்று, கழுத்து பதினாலரை. ஆனாலும் கேட்டாள். தகப்பனால் உரக்க வாசிக்க முடியாத ஏதாவதொன்று அவனிடமிருந்து வரவேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

மூன்று நூல் துண்டுகள் வந்தன. கை நூலை நாடாவில் வைத்தாள்: இருபத்துமூன்று. நெஞ்சு நூலை வைத்தாள்: முப்பத்திரண்டு. திரும்பவும் வைத்தாள். முப்பத்திரண்டுதான்.

"ஐயா, அவருக்கு ஏதோ வருத்தம், உடம்பு மெலிஞ்சு போச்சு. நான் போகவேணும்."

"மலைநாட்டு மழை, பிள்ளை. நூல் நனைஞ்சு சுருங்கியிருக்கும்."

"அப்ப கை நூலும் சுருங்கியிருக்க வேணுமெல்லோ? அது அண்டைக்கும் இருபத்திமூண்டு, இண்டைக்கும் இருபத்திமூண்டு."

தாய் சிவக்கொழுந்து குசினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மூச்சை முழுக்க விட்டிட்டு அளந்திருப்பாரடி."

"அதையும் பாப்பம். ஐயா, எழும்புங்கோ."

"எனக்கும் கம்பளிச்சட்டையோ?" என்று முனகிக்கொண்டே அருளம்பலம் கைகளை உயர்த்தினார். முதலில் சும்மா அளந்தாள். பிறகு மூச்சை விடச் சொன்னாள்.

"இன்னும் விடுங்கோ."

"இனி விட உயிர்தான் இருக்கு, பிள்ளை!"

சிவக்கொழுந்து வாயைப் பொத்திச் சிரித்தாள். மகாதேவி நாடாவைப் பார்த்தாள். மூச்சை விட்டதால் குறைந்தது ஒன்றரை அங்குலம்தான். நானுஓயாவில் குறைந்திருப்பது நாலு.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"சனி மாசியிலை விலகுதாம்," என்றார் அருளம்பலம் கடைசியில். "இன்னும் ஒன்பது மாதம்தானே. பொறு."

"ஒரு வருசத்திலை நாலு அங்குலம் போயிட்டுது. மாசியிலை என்ன அளவு வரும்? சாத்திரியாரிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ, ஐயா. அந்த அளவுக்குப் பின்னுறன்."

அருளம்பலம் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சாத்திரியார் வீட்டுக்குத்தான் போகிறார் என்று தாயும் மகளும் நினைத்தார்கள். அவர் போனது ஸ்டேசனுக்கு, ரயில் நேரம் கேட்க.

மறுநாள் மெயில் ரயிலில் அவரே அவளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். பொல்காவலையில் இறங்கி மலைநாட்டு ரயிலில் ஏறினார்கள். பாதை வளைந்து வளைந்து மேலே ஏறியபோது, இத்தனை தூரமா, இத்தனை தூரமா என்று அவள் மனம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இராசநாயகம் போர்வையைப் போர்த்திக்கொண்டு குவாட்டர்ஸ் வாசலுக்கு வந்தான். விட்டுவிட்டு வந்த காய்ச்சல் ஆளை உருக்கியிருந்தது. மாமனாரைக் கண்டதும் இடுப்புச் சாரத்தைச் சரிசெய்தான். அருளம்பலம் செருமிவிட்டு, வீட்டின் கோடிப்பக்கத்தைப் பார்ப்பவர்போல விலகிப் போனார்.

"ஏன் எனக்கு ஒண்டும் எழுதேல்லை?" என்று மகாதேவி கேட்டாள்.

"காய்ச்சலை எழுதியிருக்கலாம்," என்றான் அவன். "உம்மை நினைச்சுச் சோறு இறங்கேல்லை எண்டதை மாமாவுக்கு எப்பிடி எழுதுறது?"

சுவருக்கு அப்பால் நின்றவருக்கு அது கேட்டது. அடுத்த ரயிலில் அவர் தனியாகவே கொக்குவிலுக்குத் திரும்பினார்.