ஒரு கம்பம், மூன்று ஸ்கேனர்கள்

திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அப்போது மூன்று கம்பங்கள் நின்றன. மூன்றும் என்னுடையவை. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு ஆன்டெனா. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கறுப்பு கேபிள் தரையில் ஊர்ந்து, படிக்கட்டு வழியாக என் அறைக்கு இறங்கி ஒரு ஸ்கேனரில் முடியும். ஸ்கேனர் என்றால் படமெடுக்கிற கருவி இல்லை. அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டே போய், எங்கே பேச்சு கேட்கிறதோ அங்கே நின்றுவிடுகிற வானொலிப் பெட்டி.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்துகிறவள். பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறவர்களுக்கான ஹாம் உரிமமும் வைத்திருக்கிறேன். ஒரு ஸ்கேனரில் என்னைப் போன்ற ஹாம் நண்பர்களைக் கேட்பேன். இன்னொன்றில் விமானங்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கணவர் ஊருக்கு வருகிற நாளில், திருச்சியில் இறங்கப்போகிற விமானியின் குரல் எனக்குக் கேட்டுவிடும். அதற்குப் பிறகு உலை வைத்தால், அவர் வீட்டுக்கு வரும்போது சோறு சூடாக இருக்கும். மூன்றாவது ஸ்கேனர் படகுகளுக்கு. நான் பிறந்தது கோடியக்கரையில். வாழ வந்த ஊரில் காவிரி உண்டு, கடல் இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து படகுகளின் பேச்சு கேட்பது அபூர்வம்தான். இருந்தாலும் அந்தப் பெட்டியை அணைக்க எனக்கு மனம் வராது.

மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, மொட்டைமாடி என்பது நெல் காயவைக்கிற இடம். ஒரு நாள் விதைநெல்லை அள்ளிக்கொண்டு வந்தவர் கேபிளில் கால் தடுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் படவில்லை. கூடை கவிழ்ந்து, நெல் படிக்கட்டு முழுக்கக் கொட்டியது. இரண்டு பேரும் குனிந்து கூட்டி அள்ளினோம்.

"இத பாரும்மா," என்றார் பிறகு. "ஒரு கம்பம் வெச்சுக்க. வேணாங்கல. மூணு கம்பம், மூணு வயருன்னா நான் எங்க போயி நெல்லக் காயவைப்பேன்?"

"மூணு பெட்டி இருக்கே மாமா."

"டிவிக்காரன் ஒரு வயர வெச்சுக்கிட்டு தெரு முழுக்கக் குடுக்கிறான். உனக்கு மூணு பெட்டிக்குக் குடுக்க முடியாதா?"

மறுக்க முடியாத கேள்வி. அந்த வாரமே இரண்டு கம்பங்களைக் கழற்றினேன். எல்லா அலைவரிசைகளையும் வாங்கக்கூடிய ஒரே ஆன்டெனாவை, தண்ணீர்த் தொட்டிக்கும் பக்கத்து வீட்டுத் தென்னைகளுக்கும் மேலே வருகிற மாதிரி உயரமான குழாயில் ஏற்றினேன். குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மாமாதான்.

கீழே மூன்று ஸ்கேனர்களின் கேபிள்களையும் அவசரத்தில் ஒன்றாக முறுக்கி இணைத்துப் பார்த்தேன். இப்படிச் செய்யாதீர்கள் என்று மாணவர்களுக்குச் சொல்கிற காரியத்தையே நான் செய்தேன். மூன்று பெட்டிகளும் ஊமையாகிவிட்டன. போதாததற்கு, விமான ஸ்கேனர் தேட ஆரம்பித்தால் ஹாம் ஸ்கேனர் விசிலடித்தது. ஒன்றுக்குள்ளிருந்து கசிகிற அலை இன்னொன்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த நாள் தஞ்சாவூரில் ஒரு ஸ்ப்ளிட்டர் வாங்கிவந்தேன். கேபிள் டிவிக்குப் போடுவார்களே, அதே மாதிரிச் சின்ன டப்பா. ஒரு பக்கம் உள்ளே வரும் கேபிள், மறுபக்கம் வெளியே போகும் மூன்று. விசில் நின்றது. பக்கத்தில் பறக்கிற விமானங்கள் நன்றாகவே கேட்டன. ஹாம் நண்பர்கள் கிணற்றுக்குள்ளிருந்து பேசினார்கள். படகுப் பெட்டியில் பேச்சு இருக்கட்டும், வழக்கமான இரைச்சல்கூட மங்கிவிட்டது.

"என்னம்மா ஆச்சு?" என்று வாசலில் நின்று கேட்டார் மாமா.

"வர்றதே கொஞ்சம் மாமா. அத மூணாப் பங்கு போட்டா ஒவ்வொண்ணுக்கும் என்ன மிஞ்சும்?"

"வாய்க்கால் தண்ணி மாதிரி முறை வெச்சு விட வேண்டியதுதானே."

"மூணும் ஒரே நேரத்துல கேக்கணுங்க."

அவர் சிரித்துவிட்டுப் போனார்.

சிக்னலைப் பெருக்க ஒரு பூஸ்டர் வாங்கினேன். வசதிக்காக அதை அறையிலேயே வைத்தேன். பேச்சோடு சேர்ந்து இரைச்சலும் பெருகியது. மறுபடி மாடிக்கு ஏறி, ஆன்டெனாவுக்கு அடியிலேயே, கேபிளில் இறங்கி மெலிவதற்கு முன்பே சிக்னலைப் பிடிக்கிற மாதிரி பூஸ்டரைக் கட்டினேன். கீழே வந்து பார்த்தால் மூன்று பெட்டிகளிலும் சினிமாப் பாட்டு. எஃப்எம் நிலையத்தின் பலமான அலையையும் பூஸ்டர் சேர்த்துப் பெருக்கிவிட்டிருந்தது. ஒரு விமானி இறங்க அனுமதி கேட்க, நகைக்கடை விளம்பரம் பதில் சொன்னது.

"இப்பத்தாம்மா கேக்குற மாதிரி இருக்கு," என்று மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எஃப்எம்மை மட்டும் தடுக்கிற ஃபில்டரை நான் வாங்கிப் பொருத்தியபோது அவர் முகம் வாடியதைப் பார்த்தேன்.

ஃபில்டர் வந்த பிறகு எல்லாம் தெளிந்தது. தை மாதப் பனி விலகாத ஒரு காலையில், மாமாவுக்குக் காபி கொடுத்துவிட்டு அறைக்குள் வந்தேன். படகுப் பெட்டியில் தமிழ் கேட்டது. இரைச்சலே இல்லாமல், அடுத்த தெருவிலிருந்து பேசுகிற மாதிரி. காற்று அசையாத பனிக் காலைகளில் மேலே ஒரு வெப்ப அடுக்கு உண்டாகி, வானொலி அலையை வெகு தூரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். பாடத்தில் நடத்தியிருக்கிறேன். என் வீட்டில் இவ்வளவு தெளிவாகக் கேட்டது அன்றுதான்.

காபி டம்ளரோடு மாமாவும் வந்து நின்றார். "யாரும்மா அது?"

"படகுக்காரங்க. எங்க ஊர்ப் பக்கம்."

ஒரே குரல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. "யாராச்சும் கேக்குறீங்களா? இஞ்சின் நின்னு போச்சு. கோடியக்கரைக்குத் தெக்க நிக்கிறோம். நீரோட்டம் இழுக்குது. யாராச்சும் கேக்குறீங்களா?" படகின் பெயரைச் சொன்னது. பதிலுக்கு ஒரு குரலும் வரவில்லை.

"பதில் சொல்லும்மா," என்றார் மாமா.

"இதுல கேக்கத்தான் முடியும் மாமா. பேச முடியாது."

"அப்ப என்ன பண்றது?" அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

கோடியக்கரையில் கடற்கரைக்குப் பக்கத்தில்தான் என் தம்பிக்கு உப்பு வியாபாரம். கைபேசியில் அவனை எழுப்பி, படகின் பெயரையும் நிற்கிற இடத்தையும் சொன்னேன்.

"அக்கா, நீ திருக்காட்டுப்பள்ளியிலேருந்தா பேசுற?"

"ஆமாடா. சீக்கிரம் போய்ச் சொல்லு."

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். நானும் மாமாவும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அந்தக் குரல் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மாமா அதற்கு மெதுவாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். "இருப்பா. சொல்லியாச்சு. வருவாங்க." படகிலிருப்பவருக்குக் கேட்காது என்று மாமாவுக்குத் தெரியும். வெயில் ஏறியது. குரல் மெலிந்து, இரைச்சலுக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகான நேரம்தான் கஷ்டமாக இருந்தது. மாமா வயலுக்குப் போகவில்லை. நான் பாலிடெக்னிக்குக்கு லீவு சொன்னேன். தம்பி கூப்பிட்டபோது கைபேசியை மாமாவே எடுத்தார். அவர் முகத்தைப் பார்த்தே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மற்றப் படகுகள் எல்லாம் முன்பே கரைக்கு வந்து, எல்லாரும் மீன் ஏலத்தில் நின்றிருக்கிறார்கள். தம்பி சொன்னதும் இரண்டு படகுகள் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்துவிட்டன. உள்ளே இருந்தவர்கள் நான்கு பேர். ஒரே வீட்டு அண்ணன் தம்பி இருவரும், அவர்களுடைய மச்சான்கள் இருவரும்.

"கடல் இல்லாத ஊர்லேருந்து எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்குறாங்க," என்றார் மாமா. "என்னத்தச் சொல்ல? நீயே சொல்லு." கைபேசியை என்னிடம் நீட்டினார். நான் பேசும்போது அவர் பக்கத்திலேயே நின்று, "கம்பம் உயரம், அதச் சொல்லு," என்று எடுத்துக்கொடுத்தார்.

அறுவடை முடிந்ததும் நாங்கள் இருவரும் கோடியக்கரைக்குப் போனோம். அதுவரை மாமா கடலில் இறங்கியதில்லை. வானொலியில் கூப்பிட்ட மனிதருக்கு முப்பது வயதிருக்கும், கூச்ச சுபாவம். என்னைப் பார்த்துக் கைகூப்பினார். மாமாவே அவர் தோளில் கைபோட்டு, "இஞ்சின மாத்திட்டியாப்பா?" என்று ஆரம்பித்தார். அப்புறம் பேச்சு நிற்கவில்லை.

அவர்கள் எங்களைப் படகில் ஏற்றி, கரையோரமாக ஒரு சுற்று கூட்டிப்போனார்கள். மாமா விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இஞ்சின் டீசல் எவ்வளவு குடிக்கும், வலை எவ்வளவு நீளம், நண்டு எந்த மாசம் வலையில் படும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அலை தூக்கிப் போட்டபோது மட்டும் கேள்வி பாதியில் நிற்கும். படகு சமநிலைக்கு வந்ததும், விட்ட இடத்திலிருந்து மறுபடி கேட்பார். இறங்கும்போது வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. அதைப் பிழிந்துகொண்டே, அடுத்த மாதமும் வரலாமா என்று என் தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.