இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில் சொன்னது

ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் முழுக்க எனக்குப் பயமாகவே இருந்தது. காரணம் எங்கள் இங்கிலீஷ் டீச்சர். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை, எதையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. அதுதான் பயம். மனப்பாடமே செய்யாமல் ஒரு பாடம் எப்படி வரும்?

பெரணமல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர் அவர். வகுப்புக்குள் நுழைந்ததும் இங்கிலீஷில் ஏதாவது கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார். தெருவில் நெசவுக்காகப் பட்டு நூலைப் பாவு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், அதற்குள் ஒரு ஆடு புகுந்துவிட்டது என்பார். போர்டில் ஆட்டை வரைவார். அது கழுதை மாதிரி இருக்கும். ஆடு பச்சையா, சிவப்பா, ஆடு பட்டைத் தின்றதா, பட்டு ஆட்டைத் தின்றதா என்று கேட்டுக்கொண்டே போவார். நாங்கள் ஆமாம், இல்லை என்று தலையாட்டினால் போதும். வாய் திறக்க இஷ்டமில்லாதவர்கள் கையைக் காட்டலாம். நான் அந்த வருஷம் கையை மட்டும்தான் காட்டினேன். பாவில் சிக்கிய ஆடாக அவரே நடித்து, புடவைத் தலைப்பைப் பிய்த்துக்கொண்டு கத்துவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். மணி அடித்த பிறகுதான் எனக்குப் பயம் வரும். சிரித்ததற்கெல்லாம் பரீட்சையில் மார்க் போடுவார்களா?

சுவருக்கு அந்தப் பக்கம் பி பிரிவு. அங்கே கோ வென்ட் கான், கம் கேம் கம் என்று பிள்ளைகள் ராகம் போட்டுக் கத்துவார்கள். அதுதான் படிப்பு மாதிரி கேட்கும். எங்கள் வீட்டில் சித்தப்பா ஒருவர்தான் இங்கிலீஷ் தெரிந்தவர். நெசவாளர் சொசைட்டியில் குமாஸ்தா. சாயங்காலம் வந்ததும் என்னை நிற்க வைத்து, ஏதாவது ஒரு வார்த்தைக்கு எழுத்துக்கூட்டச் சொல்வார். எனக்குத் தெரியாது. ஆடு கதையைச் சொல்லட்டுமா என்று கேட்பேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு அம்மாவிடம் சொல்வார்.

"இன்னா அண்ணி இது, ஸ்கூலா நாடகக் கொட்டாயா? அந்தம்மா ஆடு மாதிரி கத்திகினு கீறாங்களாம், இதுங்க சிரிச்சிகினு கீதுங்களாம். வருசம் பூரா வீணாப் பூடும், பேஜாரு."

அதோடு விட்டிருந்தால் தேவலை. தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போய்த் தலைமையாசிரியரான பெரிய சாரிடம் முறையிட்டுவிட்டார். பெரிய சாரும் பயந்த சுபாவம். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார், அவர் கேட்பதற்குப் பிள்ளைகள் பதில் சொல்லாவிட்டால் டீச்சரை மாற்றிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாராம். சித்தப்பா அதை வெற்றிச் செய்தியாக வீட்டில் வந்து சொன்னார். டீச்சர் போய்விட்டால் அடுத்து பி பிரிவு டீச்சர்தான். அவர் கையில் எப்போதும் பிரம்பு இருக்கும். அது மட்டுமில்லை. எனக்கு எங்கள் டீச்சரைப் பிடிக்கும், அவ்வளவு பிடிக்கும்.

இன்ஸ்பெக்டர் வரும்வரை ஊரில் இருக்கிற சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். டீச்சரோ ஒன்றும் நடக்காதது போல ஆட்டைப் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரோடு சண்டை போட வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சமாவது எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுங்களேன் என்று கத்தலாம் போல இருந்தது.

வந்தார் இன்ஸ்பெக்டர். நெடிய மனிதர், நிதானமான பேச்சு. பெயர்ச்சொல் என்றால் என்ன, இங்கிலீஷில் சொல்லுங்கள் என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு வினைச்சொல்லைக் கொடுத்து அதன் இறந்தகாலம் கேட்டார். அதற்கும் அப்படியே. பிறகு நேராக என்னைப் பார்த்து, உன் பெயரை எழுத்துக்கூட்டு என்றார். எழுந்து நின்றேன். முதல் எழுத்து தெரியும், இரண்டாவதில் சந்தேகம். உட்காரச் சொல்லிவிட்டார்.

பெரியவர்கள் பிள்ளைகள் காதில் விழக்கூடாததை இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வார்கள். அவரும் பெரிய சார் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினார். இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. திங்கட்கிழமை வேறு டீச்சர் வரட்டும். இவர் சேவூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். இப்போது பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம், அழுவார்கள்.

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் முன்பெஞ்சுப் பையன் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டான். அடுத்து அவன் பக்கத்தில் இருந்தவள். அப்புறம் நான். வகுப்பு முழுக்க டீச்சரைத் திரும்பிப் பார்த்து அழுதது. இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான், பதறிப்போனார். தன்னைப் பார்த்துப் பயந்துவிட்டோம் என்று நினைத்து, முன்பெஞ்சுப் பையன் முதுகைத் தட்டி, "பயப்படாதீங்க கண்ணுங்களா, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று தமிழில் சொல்லிவிட்டுச் சீக்கிரமாக வெளியேறினார்.

டீச்சர் அழவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. எனக்குத் திக்கென்றது. மணி அடித்ததும் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"டீச்சர், அவரு இன்னா சொன்னாரு தெரியுமா?"

"என்ன சொன்னார்?" என்று இங்கிலீஷிலேயே கேட்டார்.

"திங்கக்கெழமைலேர்ந்து நீங்க வரமாட்டீங்களாம். சேவூர் ஸ்கூலுக்குப் போவணுமாம்."

"அப்புறம்?"

"எங்களுக்கு ஒண்ணுமே தெரிலயாம். இப்ப சொன்னா நாங்க அழுவோமாம்."

அவ்வளவுதான், டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை. என்னை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பாவம், இன்ஸ்பெக்டர் பேசிய இங்கிலீஷ் டீச்சருக்குச் சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா வந்தார்.

"இன்ஸ்பெக்டரு வந்தாராமே? இன்னா சொன்னாரு?"

"எங்களுக்கு ஒண்ணுமே தெரியலன்னாரு."

"உங்க கிட்டயே சொன்னாரா?"

"இல்ல சித்தப்பா, பெரிய சார் கிட்ட. இங்கிலீஷ்ல சொன்னாரு."

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கேட்டுகினீங்களா அண்ணி? நான் அப்பவே தலபாடா அடிச்சிகினேன். இதுக்கு ஒரு எழுத்து இங்கிலீஷ் தெரியாதுன்னு இன்ஸ்பெக்டரே சொல்லிட்டுப் போயிருக்காரு."

அம்மா பெருமூச்சு விட்டு என் தட்டில் ரசம் ஊற்றினாள். சித்தப்பா சொன்னது சரிதான் என்றே எனக்கும் பட்டது. இங்கிலீஷ் தெரியாமலே ஒரு வருஷம் வீணாய்ப் போய்விட்டதே என்று சோற்றைப் பிசைந்துகொண்டே தேம்பித் தேம்பி அழுதேன்.